கப்பல் இல்லாத துறைக்கு வரும் விருந்தாளிகள்

கிழக்கு லண்டனில் பறவை பார்க்கிறவர்கள் டிசம்பர் பிறந்ததும் வானிலை அறிக்கையைத் தங்கள் ஊருக்காகப் பார்ப்பதில்லை. பால்டிக் கடலோரம் எவ்வளவு தூரம் உறைந்திருக்கிறது, நெதர்லாந்தின் ஏரிகளில் பனி கட்டிவிட்டதா, வட கடலில் காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை நாளாக அடிக்கிறது என்றுதான் தேடிப் படிப்பார்கள். அங்கே நிலைமை மோசமானால் இங்கே ராயல் டாக்ஸ் என்ற பழைய கப்பல்துறைகளில் ஏதாவது வந்து இறங்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. வேடந்தாங்கலில் கிளை தாழ உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். விரல் விறைக்கிற குளிரில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தண்ணீரில், ஒற்றைப் பறவை. அதுவும் பாதி நேரம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

அந்த ஒன்று ஏன் இங்கே வந்தது, ஏன் இந்த வாரம் வந்தது என்று துருவும்போதுதான் விஷயம் சுவைக்கிறது. இயற்கை எழில் கொஞ்சுகிறது என்று எந்தப் பறவையும் ராயல் டாக்ஸுக்கு வருவதில்லை. கான்கிரீட் சுவர், கம்பி வேலி, தலைக்கு மேல் விமானம், கிழக்குக் காற்று வீசினால் சாக்கடை வாடை. மனிதர்கள் வேறு காரியத்துக்காகச் செய்து, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப்போன சில வசதிகளுக்காகத்தான் அவை வருகின்றன.

ராயல் விக்டோரியா, ராயல் ஆல்பர்ட், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் என்று மூன்று கப்பல்துறைகள். திறந்த ஆண்டுகள் முறையே 1855, 1880, 1921. தேம்ஸ் நதியின் வடகரையில் ஒன்றோடொன்று இணைந்து நான்கு கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கின்றன. தண்ணீர்ப் பரப்பு மட்டும் சுமார் 250 ஏக்கர். லண்டனில் தேம்ஸ் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் நதி. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சில நாட்களில் 7 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். கரையோரம் கட்டிய கப்பல் ஆறு மணி நேரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் நதியை விட்டுத் தள்ளிப் பள்ளம் தோண்டி, நுழைவாயிலில் மதகுக் கதவு வைத்து, உள்ளே தண்ணீரை ஒரே மட்டத்தில் பிடித்து வைத்தார்கள். 1939-இல் 35,000 டன்னுக்கு மேற்பட்ட மௌரிட்டானியா கப்பல் இந்த மதகு வழியாக உள்ளே நுழைந்தது. பிறகு கன்டெய்னர் வந்தது, கப்பல்கள் இன்னும் பெருத்தன, வாணிபம் நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரிக்கு இறங்கிப் போனது. 1981-இல் ராயல் டாக்ஸை மூடினார்கள். தண்ணீரை மட்டும் யாரும் வற்றவிடவில்லை. மட்டம் குறைந்தால் தேம்ஸிலிருந்து இறைத்து நிரப்புகிறார்கள்.

ஈஸ்ட் ஹாமில் தோசையும் மட்டன் ரோலும் விற்கிற கடைத்தெருவிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் நடந்தால் ஆல்பர்ட் துறையின் கரை வந்துவிடும். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் பகுதி அது. எக்செல் மண்டபத்துக் கண்காட்சிக்கோ, கேபிள் காரில் பிள்ளைகளை ஏற்றவோ இந்தத் துறைகளின் பக்கம் எல்லோரும் ஒரு முறையாவது வந்திருப்பார்கள். தண்ணீரில் என்ன மிதக்கிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு.

பறவைக்கு இங்கே என்ன லாபம் என்றால், முதல் லாபம் தெளிவு. வெளியே தேம்ஸ் எப்போதும் கலங்கல். ஏற்றமும் வற்றமும் சேற்றைக் கிளறிக்கொண்டே இருப்பதால் முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. துறைக்குள் அடைபட்ட தண்ணீரில் ஓட்டம் இல்லை. வண்டல் மெதுவாக அடியில் படிந்துவிடும். மூழ்கிப்போய்க் கண்ணால் பார்த்து மீனைத் துரத்தும் பறவைகளுக்கு நதி உதவாது, துறை உதவும்.

இரண்டாவது லாபம் ஆழம். பெரிய கப்பல் மிதக்க வேண்டும் என்று வெட்டிய பள்ளம் இது. வாத்துக் குளம்போல முழங்கால் அளவுத் தண்ணீர் அல்ல. நீரின் விசித்திரமான ஒரு குணம் இங்கே வேலை செய்கிறது. நல்ல தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக, மிகக் கனமாக இருக்கும். குளிர்காற்று பட்டு மேல்மட்டம் குளிரும்போது அது கனத்து அடியில் இறங்கும், அடியில் இருக்கும் வெதுவெதுப்பு மேலே வரும். மேலிருந்து அடிவரை முழுத் தண்ணீரும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல்தட்டு அதற்கும் கீழே குளிர்ந்து, லேசாகி, அங்கேயே மிதந்து உறையத் தொடங்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள பூங்காக் குளம் தன் சூட்டை இரண்டு மூன்று இரவுகளில் இழந்துவிடும். பல மீட்டர் ஆழமுள்ள துறைக்கு அத்தனை மடங்கு நாள் பிடிக்கும், அதற்குள் குளிரலை ஓய்ந்துவிடும். தேம்ஸிலிருந்து இறைத்த தண்ணீரில் கொஞ்சம் உப்பும் கலந்திருப்பதால் உறைநிலை இன்னும் சற்றுக் கீழே போகிறது. வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் வெளியில் உள்ள குளங்கள் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும் காலையில் ராயல் டாக்ஸில் அலை அடித்துக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்தில் இடமிழந்த வாத்துகள் எல்லாம் அங்கே வந்து சேரும். ஊரெல்லாம் உறைந்த நாள்தான் துறைக்குப் போக நல்ல நாள்.

அப்படிப்பட்ட நாட்களில் எல்லோரும் தேடுவது கிரேட் நார்தன் டைவர். ஐரோப்பாவில் ஐஸ்லாந்தில் மட்டும்தான் இது வழக்கமாகக் கூடு கட்டுகிறது; கிரீன்லாந்தும் வட அமெரிக்காவின் வடபகுதியும் இதன் மற்ற தாயகங்கள். குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடலோரங்களுக்கு ஆயிரக்கணக்கில் வரும். அந்தக் கூட்டத்திலிருந்து வழி தவறியோ, புயலில் ஒதுங்கியோ ஒன்றிரண்டு லண்டனின் நீர்த்தேக்கங்களிலும் துறைகளிலும் இறங்குகின்றன. உள்நாட்டுக்கு வருபவற்றில் அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளே அதிகம்.

நீர்க்காகத்தைவிடப் பருத்த உடம்பு, ஈட்டிபோல் நேரான அலகு, மேலே சாம்பல், கீழே வெள்ளை. எடை நான்கு கிலோவைத் தாண்டலாம். பறக்கிற பறவைகளின் எலும்புகள் உள்ளே காற்றறைகளோடு லேசாக இருப்பது வழக்கம். டைவரின் எலும்புகளோ பெரும்பாலும் கெட்டியானவை. மூழ்குவதற்குக் கனம் வேண்டும். இறகுகளுக்கு இடையே இருக்கும் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டு, குதிக்காமல் கொள்ளாமல், உடம்பை அப்படியே கீழே இறக்கிக்கொள்ளும். கடைசியில் தலை மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. கால்கள் உடம்பின் கடைக்கோடியில், வாலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நீருக்குள் உந்தித் தள்ள அதைவிடச் சிறந்த இடம் இல்லை. நிலத்தில் அதே கால்கள் எதற்கும் உதவாது. டைவரால் நடக்க முடியாது, வயிற்றால் தள்ளிக்கொண்டு போகத்தான் முடியும்.

இத்தனை கனத்துக்கு இறக்கை சிறியது. அதனால் மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும்: தண்ணீர்மேல் கால்களால் அடித்துக்கொண்டே நூறு மீட்டர், காற்று இல்லாத நாளில் அதற்கும் மேலே. சிறு குளத்தில் தப்பித்தவறி இறங்கினால் மீண்டும் கிளம்ப வழியில்லை. ஆல்பர்ட் துறையில் 2,000 மீட்டர் படகுப் பந்தயமே நடத்துகிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். தென்கரை விமானங்களைவிட டைவருக்கு இடம் தாராளம்.

ஒரு ஜனவரியில், ஆல்பர்ட் துறைக் கரையிலுள்ள பல்கலைக்கழக விடுதியின் வண்ண உருளைக் கட்டடங்களுக்கு எதிரே, ஒன்று எனக்கு வெகு அருகில் நண்டோடு மேலே வந்தது. சிறிய மீன் என்றால் தண்ணீருக்கு அடியிலேயே விழுங்கிவிடும். நண்டை அப்படி விழுங்க முடியாது. அலகால் ஒரு காலைப் பிடித்து உதறியது. கால் கழன்றது, உடல் தண்ணீரில் விழுந்தது, மீண்டும் பிடித்து அடுத்த காலை உதறியது. முன்னங்கொடுக்குகளில் கறுத்த ரோமம் அடர்ந்திருந்தது பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. எல்லாம் போய் ஓடு மட்டும் மிஞ்சியதும் தலையை நிமிர்த்தி ஒரே விழுங்கல். தொண்டை புடைத்து இறங்கியது. உடனே அடுத்த முழுக்கு.

கொடுக்கில் ரோமம் உள்ள அந்த நண்டு சீனத்து மிட்டன் நண்டு. 1935-இல் செல்சியில் உள்ள லாட்ஸ் ரோடு மின்நிலையத்தில், தேம்ஸ் தண்ணீரை உறிஞ்சும் இடத்தில், முதன்முதலாக அகப்பட்டது. கப்பல் ஏறி வந்த இனம். இன்று தேம்ஸ் முழுக்க இருக்கிறது, கரையைத் துளைத்துச் சேதம் செய்கிறது என்று அதிகாரிகள் கவலைப்படுகிறார்கள். ஆக, ஆர்க்டிக் பக்கத்துப் பறவை ஒன்று விக்டோரியா காலத்துக் குழியில் மூழ்கி ஆசியாவின் நண்டைத் தின்கிறது. இங்கே விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று பிரிப்பதில் எனக்கு அவ்வளவு அக்கறையில்லை.

வந்த டைவர் வாரக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. வளர்ந்த பறவைகள் குளிர்காலத்தின் பிற்பகுதியில் பறக்கும் இறகுகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். புதிய இறகு வளரும்வரை சில வாரங்கள் பறக்கவே முடியாது. காகமோ மைனாவோ ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளும். சின்ன இறக்கையில் பெரும் பாரம் தூக்குகிற டைவருக்கு இரண்டு இறகு குறைந்தாலே பறப்பது நின்றுவிடும் என்பதால் மொத்தமாக உதிர்த்து ஒரே மூச்சில் முடித்துக்கொள்வதுதான் லாபம். அந்த வாரங்களில் உறையாத, ஆழமான, இரையுள்ள தண்ணீர் கட்டாயம்.

புயல் கொண்டுவந்து போடும் இன்னொரு பறவை ஷேக். நீர்க்காகத்தின் தம்பி, ஆனால் முழுக் கடல்வாசி. ஸ்காட்லாந்தின் மே தீவு போன்ற பாறைத் தீவுகளில் கூடு கட்டும். இதன் மேலிறகுகளில் நீர் ஊறும். அதனால்தான் எளிதாக மூழ்குகிறது, அதனால்தான் தினமும் கரையேறிக் காய வேண்டியிருக்கிறது. கடலிலிருந்து கரை நோக்கி நாள்கணக்கில் காற்றும் மழையும் அடித்தால் மீன் பிடிக்கவும் முடியாது, உலரவும் முடியாது. அனுபவமில்லாத இளம் பறவைகள் காற்றோடு ஒதுங்கி நதிமுகம் வழியாக உள்ளே வருகின்றன. துறையின் மிதவை மேடைகளில் இறக்கை விரித்து நிற்கும் கறுத்த பறவைகளில், அலகு மெலிந்து, நெற்றி செங்குத்தாக எழும்பி ஒன்று நின்றால் வட கடலில் முந்தைய வாரம் என்ன நடந்தது என்று ஊகித்துவிடலாம்.

இவையெல்லாம் வந்த கதை. வராத கதை ஒன்று இருக்கிறது, அறிவியலுக்கு அதுதான் இன்னும் முக்கியம்.

ஸ்மியூ என்றொரு சின்ன வாத்து. ஆண் தூய வெள்ளை, அதன்மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. ஸ்காண்டிநேவியா முதல் ரஷ்யா வரை ஊசியிலைக் காடுகளில், பெரும்பாலும் மரங்கொத்தி துளைத்துவிட்டுப்போன பொந்துகளில் முட்டையிடும். குளிர்காலத்துக்குப் பால்டிக் கரைக்கும் நெதர்லாந்துக்கும் வரும். அங்கேயும் உறைந்தால் மட்டுமே வட கடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வரும். அதாவது லண்டனில் ஸ்மியூ தென்படுவது என்பது கண்டத்தில் பனி எவ்வளவு இறுகியது என்பதற்கு அளவுகோல். 1962-63 குளிர்காலம் மத்திய இங்கிலாந்தில் 1740-க்குப் பிறகு மிகக் கடுமையானது. 2010 டிசம்பர், பிரிட்டனில் நூறு ஆண்டுகளில் மிகக் குளிர்ந்த டிசம்பர். இப்படிப்பட்ட குளிர்காலங்களுக்காகத்தான் பழைய பறவையாளர்கள் ஏங்குகிறார்கள்.

இப்போது அந்தக் குளிர் அரிதாகிவிட்டது. பால்டிக் வடபகுதியில் முன்பு உறைந்துபோன தண்ணீரில் ஒரு பகுதி இப்போது பல குளிர்காலங்களில் திறந்தே கிடக்கிறது. இரை இருக்கும் இடத்தில் நின்றுவிட்டால் போதும். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் பறக்க எந்தப் பறவைக்கும் ஆசையில்லை. ஸ்மியூ, கோல்டன்ஐ, டஃப்டட் வாத்து ஆகியவற்றின் குளிர்கால இருப்பிடம் கடந்த சில பத்தாண்டுகளில் வடகிழக்கே நகர்ந்திருப்பதை ஐரோப்பா முழுவதும் நடந்த கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் எண்ணிக்கை கூடுகிறது, பிரிட்டனிலும் பிரான்சிலும் குறைகிறது. லண்டனில் பார்த்தால் ஸ்மியூ அழிந்துகொண்டிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வேறு இடத்தில் நின்றுவிட்டது. ஒரு நாட்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வலசைப் பறவையின் நலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரிட்டனில் 1947 முதல் தன்னார்வலர்கள் குளிர்காலம்தோறும் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். அந்த நீண்ட வரிசை இல்லாவிட்டால் இந்த நகர்வே பிடிபட்டிருக்காது. எண்ணப் போய் ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதித் தர வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய அலுப்பில் படிவத்தை அனுப்பாமல் விடுகிறவர்கள்தான் கணக்கைக் கெடுக்கிறார்கள்.

போச்சார்ட் வாத்தின் கதை இன்னும் கோணலானது. 1957-இல் லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேம்ஸை உயிரியல்ரீதியாகச் செத்த நதி என்று அறிவித்தது. நகரின் பெரும் பகுதியில் நீரில் ஆக்சிஜனே இல்லை. ராயல் டாக்ஸுக்குக் கிழக்கே பெக்டனில் இருப்பது பிரிட்டனின் மிகப் பெரிய கழிவுநீர் நிலையம். இன்று சுமார் 40 லட்சம் பேரின் சாக்கடை அங்கே போகிறது. 1860களில் பொறியாளர் பேசல்ஜெட் கட்டிய பெருங்குழாய் கழிவை அங்கே கொண்டுவந்து அப்படியே நதியில் கொட்டியது. 1878-இல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் அதற்குப் பக்கத்தில் மோதி மூழ்கி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் விழுந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்பது ஊருக்கே தெரிந்தது. சுத்திகரிப்பு சரியாக நடக்கத் தொடங்கியது 1960, 70களில்தான்.

நதிக்கு மூச்சு திரும்பிய அந்தத் தொடக்க ஆண்டுகளில் போச்சார்ட் உள்ளிட்ட குளிர்கால வாத்துகள் ஆயிரக்கணக்கில் உள் தேம்ஸில் குவிந்தன. அவற்றை இழுத்தது சேற்றில் நெளிந்த டூபிஃபெக்ஸ் புழுக்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் வாழும். கழிவில் உள்ள சத்தைத் தின்று பெருகும். மீன் வளர்ப்பவர்கள் கடையில் வாங்கும் அதே சிவப்புப் புழு. நதி முழுக்கச் செத்திருந்தபோது புழுவும் குறைவு. பாதி தேறியபோது புழுவுக்குக் கொண்டாட்டம். இன்னும் சுத்தமானபோது சத்து குறைந்தது, போட்டிக்கு வேறு உயிர்கள் வந்தன, புழு குறைந்தது, வாத்துக் கூட்டமும் கலைந்தது. இதற்காக நதியை மறுபடி அழுக்காக்க வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. 25 கிலோமீட்டர் நீளமுள்ள டைட்வே கழிவுநீர்ச் சுரங்கம் 2025-இல் முழுமையாக வேலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நீர் சுத்தமாக ஆகப் பறவை கூடும் என்ற எளிய வாய்ப்பாடு எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதை வாத்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

கடற்காகம் பார்ப்பவர்களுக்கு பெக்டன் கழிவுநீர் வெளியேறும் முகம் புண்ணியத் தலம். இந்தக் கூட்டத்தார் தனி ரகம். பையில் ரொட்டி வைத்திருப்பார்கள், பசிக்காக அல்ல, வீசுவதற்கு. நூற்றுக்கணக்கான சாதாரணக் கடற்காகங்களுக்கு நடுவே காஸ்பியன் கடற்காகம் ஒன்று வந்து விழுகிறதா என்று பார்ப்பார்கள். முதல் குளிர்காலத்துப் பறவையில் வெளுத்த தலை, பிடரியில் மட்டும் சாம்பல் தீற்றல், சிறிய கருங்கண், நீண்டு மெலிந்த அலகு, நீளக் கால். கருங்கடல், காஸ்பியன் கரைகளின் பறவையான இது சில பத்தாண்டுகளாக உக்ரைன், போலந்து வழியாக மேற்கே பரவி வருகிறது. பலவற்றின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வண்ண வளையம் இருக்கும். எண்ணைப் படித்து அனுப்பினால் போலந்திலோ ஜெர்மனியிலோ எந்த நீர்த்தேக்கத்தில், எந்த நாளில் குஞ்சாக இருந்தபோது வளையம் போட்டார்கள் என்று பதில் வரும்.

துறையில் எனக்கு மிகப் பிடித்தது தண்ணீர்ப் பறவையே அல்ல. பிளாக் ரெட்ஸ்டார்ட், சிட்டுக்குருவி அளவு. ஆண் புகைக்கரி நிறம், வால் மட்டும் துருப்பிடித்த சிவப்பு. ஐந்தாம் ஜார்ஜ் துறையின் சுற்றுச்சுவர் மேலுள்ள முள்கம்பியில் வந்து உட்காரும். உட்கார்ந்த கணத்திலிருந்து வால் நடுங்கிக்கொண்டே இருக்கும். சட்டென்று கீழே விழுவதுபோல் இறங்கி, சுவரின் விரிசலில் இருக்கும் சிலந்தியை எடுத்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். வெயில் பட்ட செங்கல் சுவர் குளிர்காலத்திலும் பூச்சிகளைக் கொஞ்சம் உயிரோடு வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் மலைச்சரிவுகளில், உடைந்த பாறைகளுக்கு நடுவே வாழ்ந்த இனம் இது. அதன் கண்ணில் கிடங்கு ஒரு பாறை, இடிபாடு ஒரு சரிவு.

லண்டனில் இது முதலில் கூடு கட்டியது 1926-இல், வெம்ப்ளியில் பேரரசுக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடத்தில். 1940-41 குண்டுவீச்சு நகரின் நடுப்பகுதியையும் துறைப்பகுதியையும் இடிபாடாக்கியபோது பெருகியது. இடிபாடுகளில் புதுக் கட்டடம் எழுந்தபோது மின்நிலையங்களுக்கும் கைவிட்ட துறைகளுக்கும் ஒதுங்கியது. பிறகு அவற்றையும் கட்டத் தொடங்கினார்கள். பிரிட்டன் முழுக்க இன்று கூடு கட்டுவது நூறு ஜோடிகூட இல்லை. குளிர்காலத்தில் கண்டத்திலிருந்து வருபவை சேர்ந்துகொள்வதால்தான் துறைப்பக்கம் கண்ணில் படுகிறது.

சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை என்பதால் கட்டுமான நிறுவனங்கள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. இடித்த செங்கல், ஜல்லி, மணலைப் புதிய கட்டடத்தின் கூரைமேலேயே பரப்பி, களையை அதன் போக்கில் முளைக்க விடும் யோசனை அப்படித்தான் பிறந்தது. டஸ்டி கெட்ஜ் என்ற பறவையாளர் இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். டெட்ஃபோர்டில் 2003-இல் ஸ்டர்லிங் பரிசு பெற்ற லாபான் நடனப்பள்ளியின் கூரை அப்படிப்பட்டது. கட்டடக்கலை உலகம் அதன் வண்ணச் சுவர்களைப் புகழ்ந்தது, பறவையாளர்கள் உச்சியில் கிடந்த குப்பையைப் புகழ்ந்தார்கள். பச்சைப் புல் விரித்த கூரை அழகுதான். இந்தக் குருவிக்குத் தேவை வெற்றுக் கல்லும் சிலந்தியும்.

மேற்கே, வங்கிக் கோபுரங்கள் நிற்கும் கேனரி வார்ஃபில் வேறொரு நாடகம். நவம்பர் இரவுகளில் ரஷ்யாவிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உட்காக் பறவைகள் பிரிட்டனுக்கு வருகின்றன. உள்ளானின் உறவுக்காரப் பறவை. ஈரக் காட்டில் பகலெல்லாம் சருகோடு சருகாகப் படுத்திருக்கும் சுபாவம். இரவில் தாழப் பறந்து வரும்போது வெளிச்சமும் கண்ணாடியும் ஏமாற்ற, கோபுரங்களில் மோதுகிறது. வங்கி ஊழியர்கள் காலையில் வேலைக்கு வரும்போது பூந்தொட்டிக்குப் பக்கத்தில் திகைத்து உட்கார்ந்திருக்கும் உட்காக்கைப் பார்ப்பது அந்தப் பருவத்தில் அதிசயமல்ல. இரவில் விளக்கை அணைப்பது எளிய மருந்து. அதைச் செய்ய வைப்பதுதான் கடினம்.

ராயல் டாக்ஸிலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. விமான நிலைய விரிவாக்கத்துக்காக ஐந்தாம் ஜார்ஜ் துறையின் ஒரு பகுதியில் தூண் நட்டு, தண்ணீர்மேல் கான்கிரீட் தளம் போட்டுவிட்டார்கள். சில்வர்டவுன் பக்கம் வெற்று நிலமெல்லாம் அடுக்குமாடி வீடாகிறது. லண்டன் மேயரின் அலுவலகமே 2022-இல் விக்டோரியா துறைக் கரைக்கு வந்துவிட்டது. ஆழமான தண்ணீர் இருக்கும்வரை டைவர் வரலாம். முள்கம்பியும் விரிசல் சுவரும் போனால் ரெட்ஸ்டார்ட் வராது.

பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை போவது நல்லது. சிட்டி விமான நிலையத்தில் சனி நண்பகல் வாக்கில் தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை விமானம் கிடையாது. அண்டைவீட்டாரின் தூக்கத்துக்காகப் போட்ட நிபந்தனை நமக்கும் பயன்படுகிறது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் கையில் இருப்பது மூன்று மணி நேரம்தான். டிஎல்ஆர் ரயிலில் சைப்ரஸ் நிலையத்தில் இறங்கிப் பல்கலைக்கழகத்தைக் கடந்தால் நேரே ஆல்பர்ட் துறை. வடகரையில் நின்றால் வெயில் எதிரே இருக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். கிழக்கு மூலைக்குப் போய் வெயிலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாம். மூழ்கிய பறவை ஒரு நிமிடம்வரை எழாமல் இருக்கும், எழும் இடமும் மாறும். மூழ்கிய இடத்தையே முறைக்காமல் அகலமாகப் பார்க்க வேண்டும். காதை மூடும் தொப்பி கட்டாயம். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அங்கே தடுப்பே கிடையாது.